மல்லிகைத் தேநீர்: தோட்டத்துப் பூவின் மணத்தைத் தேயிலையில் ஏற்றும் முறை

குண்டுமல்லியை நிழலில் உலர்த்தி, டப்பாவில் அடைத்து, நாலைந்து பூவை வெந்நீரில் போட்டால் மல்லிகைத் தேநீர் வராது. லேசான மஞ்சள் நிறமும் வைக்கோல் வாசமும் கொண்ட வெந்நீர்தான் வரும். வீட்டில் முயன்றுவிட்டு ஏமாந்து கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். பூ நல்ல பூவாகவே இருக்கும். அதன் மணம் எப்போது, எப்படி வெளிவருகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம்.

ரோஜா இதழை உலர்த்தினாலும் அதில் ஓரளவு மணம் தங்கும். மல்லிகை அப்படியில்லை. மூடிய மொட்டுக்குள் மணம் தயாராகக் காத்திருப்பதில்லை. மணப்பொருள்களுக்கு முந்தைய நிலையில், சர்க்கரையோடு பிணைந்த சேர்மங்கள் உள்ளே இருக்கின்றன. மாலையில் மொட்டு அவிழத் தொடங்கும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை உடைக்கின்றன. லினலூல், பென்சைல் அசிட்டேட் போன்ற மணப்பொருள்கள் அப்போதுதான் உருவாகி, உருவாகிய கையோடு காற்றில் கலந்துவிடுகின்றன. செடியிலிருந்து பறித்த பிறகும் பூ உயிரோடு இருக்கும் வரை இது தொடர்கிறது. அந்தச் சில மணி நேரத்தில் வெளிவரும் மணத்தைப் பிடித்து வைக்க ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த தேயிலை அதற்குப் பொருத்தமான பொருள். அதன் நுண்துளைகள் ஈரத்தையும் வாசத்தையும் ஒருசேர இழுத்துக்கொள்ளும். பெருங்காய டப்பாவுக்கு அருகில் வைத்த தேயிலைத்தூள் கெட்டுப்போவதும் இதே குணத்தால்தான்.

சீனாவின் ஃபூஜியன் மாநிலத்துத் தலைநகரான ஃபூஜோவில் பல நூற்றாண்டுகளாக இந்த வழியில்தான் மல்லிகைத் தேயிலை செய்கிறார்கள். அங்குள்ள மல்லிகை, தேயிலை வேளாண் முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014-இல் உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று சீனாவில் மல்லிகை அதிகம் விளைவது குவாங்ஸி பகுதியின் ஹெங்ஜோவில். அங்கே பயிராகும் பூவும் நம் குண்டுமல்லியும் ஒரே இனம்: ஜாஸ்மினம் சம்பக். தென்னாசியாவிலிருந்து சீனாவுக்குப் போனதாகக் கருதப்படும் செடி அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதே இனம்தான். எனவே அவர்களுடைய முறையை நம் வீட்டுச் செடிக்கு அப்படியே பயன்படுத்தலாம். அளவை மட்டும் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

எந்தப் பூ, எந்தச் செடி

அடுக்கு இதழ்களோடு தடித்து வரும் குண்டுமல்லி முதல் தேர்வு. தடித்த இதழ் எளிதில் கசங்காது, இரவு முழுவதும் தாங்கும். பிச்சிப் பூவிலும் (ஜாதிமல்லி) இதைச் செய்யலாம். ஆனால் அதன் இதழ் மெல்லியது, கை பட்ட இடமெல்லாம் பழுத்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தேயிலையில் விடக்கூடாது. முல்லையின் மணம் மென்மையானது. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

பூச்சந்தையில் வாங்கிய பூவைப் பயன்படுத்தாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. மொட்டுப்புழு, பூ ஈ, சிவப்புச் சிலந்தி என்று மல்லிகையைத் தாக்கும் பூச்சிகள் ஏராளம். தலையில் சூடவும் சாமிக்குச் சாத்தவும் வளர்க்கப்படும் பூ அது. உண்ணும் பொருளுக்கான கட்டுப்பாட்டோடு யாரும் அதற்கு மருந்து அடிப்பதில்லை. மேலும், பறித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதும் வாங்குகிறவருக்குத் தெரியாது. ஐஸ் போட்ட பெட்டியில் வந்த மொட்டு பாதி விரிந்து நின்றுவிடும், முழு மணம் வராது.

வீட்டுச் செடியென்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நர்சரியிலிருந்து அண்மையில் வாங்கிய செடியில் உள்ளூடுருவும் பூச்சிக்கொல்லி இருக்கக்கூடும். அது வேர் வழியாகவும் இலை வழியாகவும் செடிக்குள் போய்விட்ட மருந்து, கழுவினால் போகாது. அந்தச் செடியைக் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு), புதுத் தளிரில் அடுத்த பருவத்தில் வரும் பூவை எடுப்பதுதான் பாதுகாப்பு. வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் அதன் வாடை அடங்கும் வரை பத்து நாள் பொறுங்கள். தேயிலை மல்லிகை மணத்தைவிட வேப்பெண்ணெய் வாடையை வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் குண்டுமல்லிக்கு மார்ச் முதல் ஜூன் வரை நல்ல பருவம். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்து, தொழு உரம் வைத்த செடி, கோடையில் மொட்டாகக் கொட்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் நிற்கும் செடி இலை விடும், பூ விடாது.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாத பூக்களையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரவில் தெருவையே மணக்கவைக்கும் 'இரவு ராணி'யை ஆங்கிலத்தில் நைட் ஜாஸ்மின் என்கிறார்கள். அது மல்லிகைக் குடும்பமே இல்லை, நச்சுச் செடி. அமெரிக்காவில் வசிப்பவர்கள் வேலியில் பார்க்கும் மஞ்சள் நிற 'கரோலினா ஜாஸ்மின்' கடும் நஞ்சு. நந்தியாவட்டையைச் சில நர்சரிகள் க்ரேப் ஜாஸ்மின் என்று விற்கின்றன. அதுவும் குடிக்கத் தக்கதில்லை. அரளியில் எந்த நிறமும், எந்த வகையும் கூடாது. ஊமத்தை கூடவே கூடாது. கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும் செடியின் பூவைத் தேநீர்ப் பக்கம் கொண்டுவராதீர்கள். பால் வடியாத செடியெல்லாம் நல்லது என்றும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பூவின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

சங்குப்பூவும் செம்பருத்தியும் நிறத்துக்காகப் போடப்படுபவை. அவற்றில் மணம் இல்லாததால் இந்த முறைக்கு அவை பயன்படா.

தேயிலை

பச்சைத் தேயிலைதான் (கிரீன் டீ) மல்லிகைக்குப் பழகிய துணை. நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் முழு இலைப் பச்சைத் தேயிலை நல்ல தரத்தில் கிடைக்கிறது. சுருண்ட முழு இலையோ பெரிய துண்டு இலையோ இருக்கட்டும். பால் டீக்குப் போடும் சிடிசி குருணையும் தூளும் வேண்டாம். அதன் கடுஞ்சாயம் மல்லிகையை அடக்கிவிடும், காலையில் பூவைப் பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. எலுமிச்சை, இஞ்சி, தேன் என்று ஏற்கெனவே வாசனை சேர்த்ததும் ஆகாது.

பழைய, சிக்கு வாடை அடிக்கும் தேயிலையை மல்லிகையால் காப்பாற்ற முடியாது. இரண்டு வாடையும் சேர்ந்து இன்னும் மோசமாகும்.

தேயிலை எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு மணம் ஏறும். தொழிற்சாலைகளில் வழக்கமாக ஈரத்தை நாலைந்து சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்வார்கள். வீட்டில் சோதிக்க, ஓர் இலையை விரலிடுக்கில் வைத்து அழுத்துங்கள். 'பட்'டென்று ஒடிந்து பொடியாக வேண்டும். வளைந்தாலோ நசுங்கினாலோ, 70 டிகிரியில் 15 நிமிடம் ஓவனில் வைத்து எடுங்கள். பிறகு முழுவதும் ஆறவிடுங்கள். சூடான தேயிலையில் போட்ட பூ அந்த நிமிடமே வெந்து, கீரை வேகும் வாடை வரும்.

அளவும் பாத்திரமும்

50 கிராம் தேயிலையைக் கணக்காக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒரே நாளில் கிடைக்கும் பூவுக்கு இதுவே ஏற்ற அளவு. மொட்டு குறைவாகக் கிடைத்தால் தேயிலையையும் அதே விகிதத்தில் குறையுங்கள். ஓர் இரவு பூவோடு கலந்து வைத்து, காலையில் பூவைப் பிரித்து, தேயிலையை உலர்த்துவது ஒரு சுற்று. இப்படி மூன்று இரவு புதுப் பூவோடு செய்து, கடைசியில் சிறிதளவு பூவோடு ஒருமுறை மணமேற்றுவோம்.

முதல் இரவு: 20 கிராம் பூ. மொட்டின் பருமனைப் பொறுத்து இது 80 முதல் 100 மொட்டு வரும்.
இரண்டாம் இரவு: 15 கிராம்.
மூன்றாம் இரவு: 12 கிராம்.
கடைசி மணமேற்றம்: 4 கிராம்.

ஒரு கிராம் வரை துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு கட்டாயம் வேண்டும். இந்த வேலையில் கண்ணளவு கைகொடுக்காது. ஏன் என்பதை உலர்த்தும் இடத்தில் பார்ப்போம். வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரமோ கண்ணாடிக் கிண்ணமோ பீங்கானோ ஏற்றது. பிளாஸ்டிக் பாத்திரம் பழைய வாடைகளைத் தன்னுள் வைத்திருக்கும். மசாலா வைத்திருந்த பாத்திரத்தைச் சோப்பு போட்டுக் கழுவினாலும் நம்ப வேண்டாம். மூடுவதற்குத் துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தித் துணி ஒன்று. துணி மென்மையாக்கும் திரவமோ வாசனைப் பொருளோ போடாமல் துவைத்ததாக இருக்கட்டும்.

பறித்தல்

மாலை மூன்றரை முதல் ஐந்து மணிக்குள் பறியுங்கள். சந்தைக்குப் பறிப்பவர்கள் விடியற்காலையில் பறிப்பார்கள். மொட்டு பயணம் போக வேண்டியிருப்பதால் அவர்களுக்கு அந்த நேரம். வீட்டில் அந்த அவசரம் இல்லை. பகலெல்லாம் வெயிலில் முற்றிய மொட்டுதான் அன்றிரவு நிறைய மணம் விடும்.

எடுக்க வேண்டியது, முழு வெள்ளையாகப் புடைத்து, நுனி இன்னும் மூடியிருக்கும் மொட்டு. பச்சை ஓடும் மொட்டு அன்றிரவு விரியாது. அது தேயிலைக்குப் பச்சை வாடையைத்தான் கொடுக்கும். ஏற்கெனவே விரிந்திருக்கும் பூ நேற்றையது, அதன் மணம் காற்றோடு போயாயிற்று. மழை பெய்த நாளிலும், மழைக்கு மறுநாளிலும் பறிக்காதீர்கள். மொட்டில் நீர் கோத்திருக்கும், மணமும் மங்கியிருக்கும்.

பூவைக் கழுவக்கூடாது. இதழில் நிற்கும் நீர் அப்படியே தேயிலைக்குப் போய்ச் சேரும். செடியில் தூசி இருந்தால் முந்தின நாள் காலையில் செடி மேல் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். பறித்த மொட்டை வெள்ளைத் துணியில் பரப்பி அரை மணி நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் சிறு பூச்சிகள் தாமாக வெளியேறும். காம்பைக் கிள்ளி எறியுங்கள். அடியில் உள்ள சிறிய பச்சைப் புல்லி இருந்தால் பரவாயில்லை, அதைப் பிய்க்கப் போனால் பூ உதிர்ந்துவிடும்.

மலரவிடுதல்

மொட்டுகளை முறத்திலோ துணியிலோ மூன்று விரல் உயரத்துக்குக் குவித்து வையுங்கள். குவியலாக இருக்கும்போது பூக்கள் மூச்சுவிடும் சூட்டில் குவியல் வெதுவெதுப்பாகி, மலர்வது சீராகும். கையை நுழைத்துப் பார்த்தால் உடம்புச் சூட்டைவிட அதிகமாகத் தெரியக்கூடாது. தெரிந்தால் பரப்பி ஆறவிட்டு மீண்டும் குவியுங்கள். வீட்டு அளவில் பெரும்பாலும் அந்தப் பிரச்சினை வராது. மாறாக, ஏசி அறையில் வைத்து மலராமல் போவதுதான் நடக்கும். அறையின் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் இருப்பது நல்லது. நம் ஊர் கோடை மாலைக்கு வேறு ஏற்பாடு தேவையில்லை.

ஏழரை மணியிலிருந்து கவனியுங்கள். பத்து மொட்டில் எட்டு பாதி விரிந்து, இதழ் நுனிகள் பிரிந்து நிற்கும் நேரம்தான் கலக்க வேண்டிய நேரம். எட்டு, ஒன்பது மணி வாக்கில் வரும். முழுதாக விரியட்டும் என்று காத்திருந்தால் உச்ச மணத்தில் பாதி அறைக்குப் போய்விடும். அவசரப்பட்டு மூடிய மொட்டாகப் போட்டால், தேயிலை அதன் ஈரத்தை உறிஞ்சிவிட, மொட்டு விரியாமலே வாடும்.

கலத்தல்

பாத்திரத்தின் அடியில் ஒரு விரல்கடை தேயிலை, அதன் மேல் பூ, மறுபடி தேயிலை என்று அடுக்கி, மேலே தேயிலையால் முழுதும் மூடுங்கள். பிறகு கையால் மெதுவாக, கீழிருந்து மேலாகப் புரட்டிவிடுங்கள். பூ கசங்கக்கூடாது. பாத்திரத்தில் முக்கால் பங்குதான் நிறைய வேண்டும்.

துணியால் மூடுங்கள், மூடியால் இறுக்காதீர்கள். பூ உயிரோடு இருந்தால்தான் மணம் விடும், உயிரோடு இருக்கக் காற்று வேண்டும். காற்றில்லாமல் அடைத்தால் பூ புளித்து, விடியற்காலையில் சாராய நெடி வரும். மணம் வெளியே போய்விடுமே என்ற பயத்தில் இறுக மூடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு.

தொழிற்சாலையில் டன் கணக்கில் குவிக்கும்போது குவியலின் நடுவில் சூடு 45 டிகிரியைத் தொடும். அதனால் நாலைந்து மணி நேரத்தில் பரப்பி, ஆற்றி, மீண்டும் குவிப்பார்கள். நம் 50 கிராமில் அவ்வளவு சூடு ஏறாது. ஆனாலும் படுக்கப் போகும் முன் ஒருமுறை புரட்டிவிடுங்கள். பூவைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலை மட்டும் ஈரமாகி, மற்றவை வெறுமனே கிடப்பதை அது தடுக்கும்.

காலையில் பிரித்தல்

எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். காலை ஆறு மணிக்குள் பூவை எடுத்துவிடுங்கள். பூ வாடி, நிறம் பால்வெள்ளையிலிருந்து மங்கலான மஞ்சளுக்கு வந்திருக்கும். பழுப்பு ஏறிவிட்டால் தாமதமாகிவிட்டது என்று பொருள். அப்போது அது கொடுப்பது அழுகல் வாடை. பெரிய கண் சல்லடையில் சலித்து, மிச்சத்தைக் கையால் பொறுக்குங்கள். உதிர்ந்த ஓரிரு இதழ் இருந்தால் கெடுதல் இல்லை.

அழகுக்காகப் பூவை உள்ளேயே விடலாமே என்று தோன்றும். வேண்டாம். மணத்தை இழந்த பூவில் மீதியிருப்பது ஈரமும் லேசான கசப்பும்தான். கடையில் வாங்கும் மல்லிகைத் தேயிலையில் உலர்ந்த பூ நிறையத் தெரிந்தால் அது உயர்தரம் என்று நினைக்கிறோம். சீனாவின் உயர்ந்த வகைகளில் பூ ஏறக்குறைய இருக்கவே இருக்காது.

உலர்த்தல்: தராசு பேசும் இடம்

மல்லிகையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். மணத்தோடு சேர்ந்து அந்தத் தண்ணீரும் இரவில் தேயிலைக்குள் போகிறது. இப்போது தேயிலையை நிறுத்துப் பாருங்கள். 50 கிராமாக இருந்தது 55, 57 கிராம் காட்டும். கூடிய அந்த ஐந்தாறு கிராம் தண்ணீரை அன்றைக்கே வெளியேற்றியாக வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் இரண்டு நாளில் மணம் மங்கும், ஒரு வாரத்தில் பூஞ்சை பூக்கும். எடை 50, அல்லது 51 கிராமுக்குத் திரும்பியதும் உலர்த்தல் முடிந்தது. அதற்கு மேல் சூட்டில் வைத்தால் ஏற்றிய மணம்தான் போகும். கண்ணாலும் கையாலும் இதைச் சரியாகக் கணிக்க முடியாது என்பதால்தான் தராசு கட்டாயம் என்றோம்.

ஓவன் இருந்தால்: 80 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் பரப்பி, கதவை ஒரு மரக்கரண்டி கனத்துக்குத் திறந்து வைத்து 15 முதல் 20 நிமிடம். பாதியில் ஒருமுறை கிளறி, நிறுத்துப் பாருங்கள். கதவை மூடிவிட்டால் வெளியேறிய ஈரம் உள்ளேயே சுற்றி, தேயிலை ஆவியில் வேகும்.

ஓவன் இல்லாவிட்டால்: கனமான இரும்புத் தோசைக்கல்லை மிகச் சிறிய தீயில் வையுங்கள். அதன் மேல் இரும்பு வளையம் ஒன்று, வளையத்தின் மேல் தேயிலை பரப்பிய எவர்சில்வர் தட்டு. தட்டு கல்லைத் தொடக்கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையாலேயே கிளறுங்கள். கை தாங்காத சூடு என்றால் தேயிலைக்கும் அது அதிகம். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். வாணலியில் நேராகப் போட்டு வறுத்தால் வறுத்த வாசம் மேலேறி மல்லிகை மறைந்துவிடும்.

வெயில் வேண்டாம். பச்சைத் தேயிலை நேர் வெயிலில் நிறமும் சுவையும் மாறும். மைக்ரோவேவ் ஓரிடத்தில் கருக்கும், பக்கத்திலேயே ஈரம் விடும். ஏர் ஃப்ரையரின் காற்றாடி இலைகளைத் தூக்கி அடித்து நொறுக்கும்.

மறுபடியும் மறுபடியும்

ஆறிய தேயிலையை முகர்ந்தால் மல்லிகை தெரியும். அதைப் போட்டுக் குடித்தால் முதல் மிடறில் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. ஒரே இரவில் ஏறும் மணம் இலையின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே இறங்க இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வேண்டும். உயர்தர மல்லிகைத் தேயிலைக்கு ஆறேழு முறை கூட ஏற்றுவார்கள். வீட்டுக்கு மூன்று போதும் என்பது எங்கள் கருத்து. அதற்கு மேல் பூவின் செலவு கூடும் அளவுக்குக் கோப்பையில் வித்தியாசம் தெரிவதில்லை.

இரவுகள் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. உலர்த்திய தேயிலையைக் காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நான்கு நாள் வைத்துவிட்டு அடுத்த முறையைச் செய்தால் மணம் இன்னும் நன்றாகப் படியும். செடியும் அதற்குள் அடுத்த மொட்டுகளைத் தந்துவிடும். ஒவ்வொரு முறையும் பூவைக் குறைத்துக்கொண்டே வருவதற்குக் காரணம் ஈரம்தான். ஈரம் குறைந்தால் சூடு குறைவாகப் போதும், சூடு குறைந்தால் மணம் குறைவாக இழக்கும்.

மூன்றாம் உலர்த்தலுக்குப் பின் கடைசி மணமேற்றம். நன்கு விரிந்த, பழுதில்லாத 4 கிராம் பூவை மட்டும் எடுத்து ஆறு மணி நேரம் கலந்து வைத்து, பிரித்துவிடுங்கள். இம்முறை உலர்த்த வேண்டாம். ஏறும் ஈரம் ஒரு கிராம் அளவுதான், அது தேயிலையைக் கெடுக்காது. டப்பாவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் அந்த மணம் இந்தக் கடைசிப் படியிலிருந்து வருவது. இதைத் தவிர்த்தால் கோப்பையில் சுவை இருக்கும், முகர்வில் உயிர் இருக்காது.

வெள்ளைச் செண்பக மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வழி. சீனத் தொழிற்சாலைகள் மல்லிகைக்கு முன் அந்தப் பூவை மிகச் சிறிய அளவில் சேர்த்து அடித்தளம் போடுவது உண்டு. 50 கிராமுக்கு ஒரே ஒரு பூ, இரண்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் செண்பகம் மட்டும்தான் தெரியும்.

தவறியது எங்கே என்று கண்டுபிடிக்க

மணமே ஏறவில்லை என்றால் இரண்டில் ஒன்று: தேயிலை ஈரமாக இருந்தது, அல்லது பூ முந்தின நாளையது. புளித்த நெடி வந்தால் மூடி இறுகியிருந்தது, இல்லையேல் பூவின் அளவு மிஞ்சியது. கீரை வெந்த வாடை என்றால் சூடான தேயிலையில் பூவைப் போட்டிருப்பீர்கள், அல்லது காலையில் பிரித்த பிறகு உலர்த்தாமல் மதியம் வரை விட்டிருப்பீர்கள். ஈரத் தேயிலை வெதுவெதுப்பில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்புதான். பச்சைப் புல் வாடைக்கு முற்றாத மொட்டும் காம்பும் காரணம்.

இவற்றில் புளித்ததையும் பூஞ்சை பிடித்ததையும் தூக்கி எறியத்தான் வேண்டும். மணம் குறைந்ததை மட்டும் உலர்த்தி, மறுபடி பூவோடு சேர்த்து மீட்கலாம்.

பன்னீர் ரோஜாவுக்கு வேறு கணக்கு

ரோஜாவின் மணம் இதழிலேயே எண்ணெயாக இருக்கிறது. வெயில் ஏற ஏற அது ஆவியாகும் என்பதால் காலை ஆறு முதல் எட்டுக்குள் பறிக்க வேண்டும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து பூங்கொத்துக்கு வரும் நீண்ட காம்பு ரோஜாவில் மணமும் குறைவு, மருந்தும் அதிகம். வீட்டில் வளர்த்த பன்னீர் ரோஜாதான் வேண்டும்.

இதற்கு நீலகிரியின் முழு இலைக் கறுப்புத் தேயிலை பொருத்தம். இதழ்களைப் பிரித்து, அடியில் உள்ள வெள்ளைப் பகுதியைக் கத்தரித்து விடுங்கள், கசப்பு அங்கேதான். 50 கிராம் தேயிலைக்கு 25 கிராம் புது இதழ். மல்லிகையைப் போலவே அடுக்கி, துணி மூடி, மாலை வரை வைத்து, பிறகு இதழோடு சேர்த்தே 60 டிகிரியில் உலர்த்துங்கள். இங்கே பூவைப் பிரிக்க வேண்டியதில்லை. இதழ் அப்பளம் போல் நொறுங்க வேண்டும். ஓர் இதழ் வளைந்தாலும் டப்பாவுக்குப் போகக்கூடாது. ஒரே முறை போதும்.

தொட்டியில் செந்தாமரை வளர்ப்பவர்கள் வியட்நாம் வழியைப் பின்பற்றலாம். ஹனோயின் மேற்கு ஏரித் தாமரையில் மகரந்தத் தாள்களின் நுனியிலுள்ள வெள்ளை மணிகளை மட்டும் திரட்டித் தேயிலையில் ஏற்றுவார்கள். ஒரு கிலோவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூ வேண்டும். அங்கேயே எளிய முறை ஒன்றும் உண்டு. அன்று மலர்ந்த பூவின் நடுவில் 15 கிராம் பச்சைத் தேயிலையை இட்டு, இதழ்களைக் கூட்டி, தாமரை இலையால் சுற்றி நூலால் கட்டி, ஓர் இரவு வைப்பது. மறுநாளே குடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உலர்த்திவிட வேண்டும்.

வைப்பும் தயாரிப்பும்

முடிந்த தேயிலையை உடனே குடிக்காதீர்கள். பத்து நாள் டப்பாவில் கிடந்தால் பூ வாசமும் இலை வாசமும் தனித்தனியாக நிற்காமல் ஒன்று கூடும். விளிம்பு வரை நிறையும் சிறிய தகர டப்பாக்கள் நல்லவை. பாதி காலியான பெரிய டப்பாவில் மணம் காற்றுக்குப் போகும். ஃப்ரிட்ஜில் வேண்டாம், திறந்து மூடும்போது ஈரம் கோக்கும். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மூன்று கிராம், அதாவது குவித்த ஒரு தேக்கரண்டி, 180 மில்லி தண்ணீருக்கு. கொதிநீர் ஆகாது, 80 முதல் 85 டிகிரி போதும். வெப்பமானி இல்லாவிட்டால் நாலு தம்ளர் கொதிநீரில் ஒரு தம்ளர் சாதாரணத் தண்ணீரைக் கலந்தால் ஏறக்குறைய 85 டிகிரி வந்துவிடும். மூடி வைத்து இரண்டரை நிமிடம், பிறகு வடித்துவிடுங்கள். நன்றாக மணமேறியிருக்கிறதே, தேநீர் மட்டும் துவர்க்கிறதே என்பவர்கள் பெரும்பாலும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றியவர்கள்தான். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எந்த மணமும் எடுபடாது, சுத்திகரித்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பால் சேர்க்க வேண்டாம். இனிப்பு வேண்டுமென்றால் சிறு கற்கண்டு. வெல்லமும் தேனும் தங்கள் வாசத்தைக் கொண்டுவந்துவிடும்.

இதிலும் காஃபீன் இருக்கிறது. பூத்தேநீர் என்பதால் இரவில் தூக்கம் கெடாது என்று எண்ண வேண்டாம்.

அதே இலைக்கு இரண்டாம் முறை மூன்று நிமிடம், மூன்றாம் முறை நாலு நிமிடம் கொடுக்கலாம். மூன்று இரவு ஏற்றிய தேயிலை மூன்றாம் கோப்பை வரை மணக்க வேண்டும். கோடைக்கு வேறு வழி: அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 5 கிராம் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் ஏழு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். துவர்ப்பே இல்லாமல், மல்லிகை முன்னால் நிற்கும். வடித்த அன்றைக்கே குடித்துவிடுங்கள்.